பொன்னியின் செல்வன் மறுத்த முடி
(வரலாற்று நாவல் வாசிப்புப் பற்றிச் சில சிந்தனைகள்)

கலைப்பீடத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவன் என்ற காரணத்தால், புதிதாக வந்து சேரும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரு வினாவைத் தவறாது கேட்கின்றனர். "அண்ணா, சரித்திர நாவல் வாசிக்க விருப்பம், எதை முதலில் எடுக்கலாம்?" என்பதே அது. 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரு பாகங்களும் 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பின்னர் இவ்வினா மேலும் பெருகியது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் மலிவான பதிப்புக்கள் பல கிடைக்கின்றன. ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கி விடுதி அறையில் அடுக்கி வைத்திருப்போரை இன்று சாதாரணமாகக் காணலாம். முன்பெல்லாம் நான் தயக்கமின்றி விடை கூறிவிடுவேன். இப்போது அவ்வளவு இலகுவாகக் கூற முடிவதில்லை. அதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நான் வரலாறு கற்க வந்தமைக்குப் பாடநூல் எதுவும் காரணமன்று, கல்கியே காரணர். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், அட்டை கிழிந்த ஐந்து பாகங்களை அயலவர் ஒருவரிடம் இரவல் பெற்று வாசித்தேன். மூன்றாம் பாகம் வேறொருவர் கையிற் சிக்கியிருந்ததால் இரண்டாவதை முடித்துவிட்டு நான்காவதைத் தொடங்கியதும், கொலைவாள் ஏந்தியவர் யார் என்பது விளங்காமல் தவித்ததும் இன்றும் நினைவில் உள்ளன. இத்தகைய ஒரு நூலைக் குறைகூறப் புகுவது நன்றியுடைமையோடு பொருந்துமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆயினும், ஒரு நூல் நம்மை எங்கே கொண்டுசேர்த்ததோ அங்கு நின்று அந்நூலையே திரும்பிப் பார்ப்பது நன்றிகேடாகாது என எண்ணுகின்றேன்.

வரலாற்று நாவல் என்னும் வடிவத்துக்கு மூலவராக வோல்ற்றர் ஸ்கொட் கருதப்படுகின்றார். 1814இல் வெளிவந்த அவரது 'வேவர்லி' ஓர் உத்தியைக் கையாண்டது. வரலாற்றிற் பெயர்பெற்ற பெரியோரை நடுவில் நிறுத்தாது, இரு தரப்பினரிடையேயும் சென்றுவரக்கூடிய நடுத்தரமான இளைஞன் ஒருவனைக் கதைத்தலைவனாக்குவதே அவ்வுத்தி. இதன் சிறப்பை 1937இல் ஜோர்ஜ் லூக்காச் தமது நூலில் விரிவாக விளக்கினார். வந்தியத்தேவனை நன்கு அறிந்த தமிழ் வாசகனுக்கு இவ்விளக்கம் புதிதாகத் தோன்றாது. ஆதித்த கரிகாலனின் ஓலையைச் சுமந்துகொண்டு கடம்பூர் மாளிகையிலிருந்து தஞ்சைக்கும், பழையாறைக்கும், கோடிக்கரைக்கும், கடல் கடந்து ஈழத்துக்கும் அலையும் அவ்விளைஞனைப் பின்தொடர்ந்தே சோழநாட்டு அரசியல் முழுவதையும் நாம் காண்கின்றோம். தமிழிலே முதல் வரலாற்று நாவலாகப் பலராலும் கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடல் தகும். எனினும் அந்த ஈழத்தவர் தெரிந்தெடுத்த களம் ஈழமன்று. நாயக்கர் காலத் தமிழகமே. தமிழ் வரலாற்று நாவலில் ஈழம் பெற்ற இடத்தைப் பற்றி ஆராய்பவர்கள் இத்தொடக்கத்தை மறத்தலாகாது.

கல்கி வெறுங் கற்பனையால் மட்டும் கதை புனைந்தவரல்லர். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1930களிலும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற் பகுதி 1949இலும் வெளிவந்திருந்தன. அடுத்த ஆண்டிலேயே, 1950இல், 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கி 1954 வரை தொடர்ந்தது. அவ்வாய்வுகள் விடைகாணாது விட்ட இடைவெளிகளிலேயே கல்கி தமது கதையை நாட்டினார். உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம், பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டமையைக் கூறுகின்றது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய பெயர்களும் அதில் உள்ளன. கொலை ஏன் நிகழ்ந்தது, உத்தம சோழனுக்கு அதில் பங்கு உண்டா என்பன பற்றிச் சாசனம் எதுவும் சொல்லவில்லை. சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞர் இருவர் முரண்பட்ட அந்த இடத்திலே கல்கி நந்தினி என்னும் கற்பனைப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்களிலே குந்தவையின் கணவன் என்ற அளவில் மட்டும் அறியப்படும் வல்லவரையர் வந்தியத்தேவருக்கு ஐந்து பாகம் நிறைந்த வாழ்வொன்றையும் கொடுத்தார். சாசனம் ஓய்ந்த இடத்திற் கதை தொடங்குகின்றது. இது குறைகூறத் தக்கதன்று. வரலாற்று நாவலாசிரியனின் உரிமை இதுவே.

ஆனால் சாசனம் ஓயாது பேசிக்கொண்டிருக்கும் இடத்திலே கதை அதற்கு மாறாகப் பேசினால் என் செய்வது? 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. ஈழத்து வாசகர்களாகிய நாம் பெருமகிழ்ச்சியோடு வாசிக்கும் பாகமும் அதுவே என்பது கவனிக்கத்தக்கது. பூங்குழலியின் படகு, மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரத்துப் பெரஹரா என, நாம் பஸ்ஸிற் கடந்துபோகும் இடங்களெல்லாம் அங்கே காவியத் தன்மை பெறுகின்றன. கல்கி, ஓவியர் மணியத்துடன் இந்நாட்டுக்கு வந்து நேரிற் பார்த்துச் சென்று எழுதியமையால், அவ்வருணனைகளில் பொய்மை தோன்றுவதில்லை. கதைத்தலைவனாகிய அருள்மொழிவர்மனை நாம் முதலிற் சந்திப்பதும் ஈழத்திலேதான்.

அங்கு அவன் செய்வன யாவை? போரினால் பழுதுற்ற புத்த விகாரைகளைத் திருத்துவிக்கின்றான். தன் படைக்கு வேண்டிய உணவை இந்நாட்டு மக்களிடமிருந்து பெறலாகாது, சோழநாட்டிலிருந்தே கப்பல்களில் வரவேண்டும் என்கின்றான். இதன்பொருட்டுப் பழுவேட்டரையரின் பகையையும் தேடிக்கொள்கின்றான். பிக்குமார் அவனது பண்பிற் கனிந்து இலங்கை முடியையே அவனுக்கு அளிக்க முன்வருகின்றனர். அவன் மறுத்துவிடுகின்றான். பதினைந்து வயதில் இக்காட்சியை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை மறைக்கமாட்டேன்.

சான்றுகள் கூறுவது வேறு. சுந்தர சோழன் காலத்தில் ஈழத்துக்கு அனுப்பப்பட்ட படை வெற்றிபெறவில்லை. கொடும்பாளூர்ச் சிறிய வேளான் அப்போரில் ஈழத்திலே பட்டான் என்பது சோழநாட்டுச் சாசனங்களாலேயே அறியப்படுகின்றது. வானதியின் தந்தை அவ்வாறு இறந்தவர் என்று கல்கியும் இதனைத் தம் கதையிற் சேர்த்துக்கொண்டார். அவ்வளவில் அவர் சான்றுக்கு உண்மையானவரே. அதன்பின் இளவரசன் சென்று ஈழத்தை வென்றான் என்பதற்கோ, பிக்குமார் முடி அளிக்க முன்வந்தனர் என்பதற்கோ ஆதாரம் எதுவும் இல்லை. அருள்மொழி இராசராசனாகி, 985இல் முடிசூடிய பின்னரே, 993ஆம் ஆண்டளவில் ஈழப் படையெடுப்பு நிகழ்ந்தது. அநுராதபுரம் வீழ்ந்தது. ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளாக அரசிருக்கையாக விளங்கிய அந்நகர் பின்னர் அந்நிலையை மீளப் பெறவேயில்லை. பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயருடன் சோழரின் நிருவாக நகராயிற்று; நாடு மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று.

இவ்விடத்தில் சிலர், "இதெல்லாம் சூளவம்சம் கூறுவது, பிக்குமார் எழுதிய நூல் சோழரை ஏசாமல் என்ன செய்யும்?" என்று கேட்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கேட்டேன். எனவே சூளவம்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்துச் சோழரின் வாய்மொழியையே நோக்குவோம். இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இராசராசனை இராமனோடு ஒப்பிடுகின்றது. இராமனோ குரங்குகளின் துணைகொண்டு அணைகட்டி வருந்தி வென்றான். இம்மன்னனின் படையோ மரக்கலங்களிற் கடல் கடந்து இலங்கை வேந்தனை எரித்தது. ஆகவே இவன் இராமனிலும் மேலானவன் என்பது அதன் கருத்து. தஞ்சைக் கோயிலின் 29ஆம் ஆட்சியாண்டுச் சாசனமோ, ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயான நெல்லையும் காசையும் பிறவற்றையும் அக்கோயிலுக்கு உரிமையாக்குகின்றது. நாவலில் சோழநாட்டு அரிசி ஈழத்துக்குக் கப்பலேறுகின்றது. சாசனத்தில் ஈழத்து வருவாய் தஞ்சைக்கு எழுதிவைக்கப்படுகின்றது. கப்பல் செல்லும் திசையையே கல்கி மாற்றிவிட்டார் என்பதை நான் உணர்ந்தது பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், சாசனவியல் விரிவுரை ஒன்றின்போதாகும். அன்று குறிப்பெடுக்கும் கை சற்று நின்றுபோயிற்று.

இனிச் சூளவம்சம். அது வெறும் வசைநூலன்று. ஐந்தாம் மகிந்தனின் வீழ்ச்சிக்கு அது முதலிற் காட்டும் காரணம் அம்மன்னனின் திறமையின்மையே. குடிகள் வரி செலுத்தாது விட்டனர். கூலிப்படைக்குச் சம்பளம் இல்லை. படை அரண்மனையை முற்றுகையிட, மன்னன் சுரங்கவழியே தப்பி உறுகுணைக்கு ஓடினான். இந்நிலையைக் குதிரை வணிகன் ஒருவன் சோழ மன்னனிடம் போய்க் கூறினான் என்றும் அந்நூல் கூறும். (நாவலாசிரியர் எவரும் இதுவரை இக்குதிரை வணிகனைக் கதைத்தலைவனாக்காதது வியப்பே, வந்தியத்தேவனிலும் பொருத்தமான 'நடுத்தர மனிதன்' அவன்.) 1017இல் இராசேந்திரனின் படை மகிந்தனையும் அவனது முடி முதலிய அரசுரிமைப் பொருள்களையும் கைப்பற்றியது. மகிந்தன் சோழநாட்டிலே பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து இறந்தான். தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டமையும், விகாரைச் செல்வங்கள் கொள்ளைபோனமையும் அந்நூலிற் பெருந்துயரோடு பதியப்பட்டுள்ளன.

மூன்றாம் ஆண்டிற் களப்பயணமாக அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் சென்றிருந்தோம். என் பையில் 'சுழற்காற்று' இருந்தது. இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை. சிங்களச் சகமாணவன் ஒருவன் அதனை எடுத்துப் புரட்டி, ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இந்நாவலில் இந்த ஊரில் என்ன நடக்கின்றது என்று கேட்டான். சோழ இளவரசன் விகாரைகளைத் திருத்துவிக்கின்றான் என்றேன். அவன் சிரித்தான். ஏளனச் சிரிப்பன்று. தான் பாடசாலையிற் படித்த கதையில் அவற்றை இடித்தவன் அதே மனிதன் என்றான். பிறகு இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு டபிள்யூ. ஏ. சில்வாவின் 'விஜயபா கொல்லய' மனப்பாடம் போலத் தெரியும். 1521இல் கோட்டையில் நிகழ்ந்த அரசுரிமைக் கலகத்தைப் பின்னணியாகக் கொண்டு 1938இல் வெளிவந்த நாவல் அது. நான் கல்கியால் வரலாற்றுக்கு வந்தது போலவே அவன் அந்நூலால் வந்தவன். ஒரே விரிவுரை மண்டபத்தில் ஒரே குறிப்பை எழுதும் இருவரும், அம்மண்டபத்துக்கு வந்து சேர்ந்த வாயில்கள் வேறு வேறு.

கல்கியை மட்டும் குறிப்பிடுவது நியாயமன்று. 1963இல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரன் காலத்தைப் பற்றியது. பாண்டியன் ஈழத்தில் அடைக்கலமாக விட்டுச்சென்ற முடியையும் அணிகலன்களையும் மீட்கும் முயற்சி அதிற் பெரும்பகுதியை நிரப்புகின்றது. இது வரலாற்றில் அடிப்படையுள்ள செய்தியே. முதலாம் பராந்தகன் காலந்தொட்டே சோழர் அம்முடியைக் கேட்டுவந்தனர். ஆயின் அகிலனின் கதையில் மகிந்தனின் மகளாக உரோகிணி என்பவள் படைக்கப்பட்டுச் சோழத் தரப்பு இளவரசனாகிய இளங்கோவிடம் காதல் கொள்கின்றாள். கல்கியிடத்தில் துறவுள்ளமும் அகிலனிடத்தில் காதலும் செய்யும் பணி ஒன்றே. வெல்லப்பட்ட நாட்டின் வலியை வாசகன் உணராதவாறு அவை மூடிவிடுகின்றன. தோற்றவனின் மகள் வென்றவனின் படைத்தலைவனை விரும்பிவிட்டால், போரைப் பற்றி மேலும் என்ன வினா எஞ்சும்? சாண்டில்யனைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. அவரது கடற்போர்கள் சுவையானவை. அவற்றில் வரலாற்றைத் தேடுபவர் யாருமில்லை. ஆதலால் ஏமாற்றமும் இல்லை.

கல்கி ஏன் இவ்வாறு எழுதினார்? அவரைப் பொய்யர் என்று கூறிவிட்டு நகர்வது இலகு. ஆனால் அது விளக்கமாகாது. காந்தியத்தில் தோய்ந்து, விடுதலைப் போராட்டத்திற் சிறைசென்றவர் அவர். நாடு விடுதலை பெற்று மூன்றாண்டு கழிந்த நிலையில், பெருமைக்குரிய பழைய வேந்தனொருவனைப் புதிய தலைமுறைக்குக் காட்ட விரும்புகின்றார். அவ்வேந்தன் கொள்ளையிட்டவனாக இருத்தல் இயலாது. அயல்நாட்டாரையும் அன்பால் வெல்பவனாக, பதவியைத் துறப்பவனாக இருத்தல் வேண்டும். இறுதிப் பாகத்துக்கு அவர் இட்ட பெயரே 'தியாகச் சிகரம்'. உத்தம சோழனுக்கு அருள்மொழி முடியை விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவது அவருக்கு வாய்ப்பாயிற்று. அங்கு கிடைத்த துறவை அவர் ஈழத்துக்கும் நீட்டிவிட்டார். எனவே 'சுழற்காற்று' பத்தாம் நூற்றாண்டு ஈழத்துக்குச் சான்றாகாது. 1950ஆம் ஆண்டின் தமிழ் நடுத்தர வகுப்பினர் தம் முன்னோர் எவ்வாறு இருந்திருக்க வேண்டுமென்று விரும்பினர் என்பதற்கு அது மிகச் சிறந்த சான்று. அவ்வாறு வாசிக்கும்போது அந்நூல் எனக்குச் சுவை குன்றவில்லை. இருமடங்காயிற்று என்றே சொல்வேன்.

இந்நாட்டு முற்போக்கு விமர்சகர்கள் ஒரு காலத்தில் வரலாற்று நாவல்களை மொத்தமாக நழுவல் இலக்கியம் என ஒதுக்கினர். அரண்மனைச் சூழ்ச்சியில் மயங்கும் வாசகன் தன் காலத்துப் பிரச்சினையை மறப்பான் என்பது அவர்களது வாதம். அதில் உண்மை உண்டெனினும், மருந்து சரியன்று என்பது என் கருத்து. ஒதுக்குவதால் எவரும் வாசியாது விடுவதில்லை. துணையின்றி வாசிக்கின்றனர், அவ்வளவே. எமது நாட்டின் கடந்த நூற்றாண்டுக் கடைசிப் பகுதியில் இரு மொழிகளிலும் பழைய மன்னர்களின் பெயர்கள் மேடைகளில் எவ்வாறு கூவி அழைக்கப்பட்டன என்பதையும், 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளில் அவை எவற்றுக்கெல்லாம் சூட்டப்பட்டன என்பதையும் நினைப்போர்க்கு, துணையின்றி வாசிப்பது சிறிய விடயமன்று என்பது விளங்கும்.

ஆகவே புதுமுக மாணவர் கேட்கும்போது நான் இப்போது சொல்வது இதுதான். 'பொன்னியின் செல்வ'னையே முதலில் எடுங்கள். ஐந்து பாகத்தையும் தடையின்றி, இரவு விழித்தாயினும், கதையாகவே வாசியுங்கள். நடுவில் நிறுத்தி வரலாற்று நூலைப் புரட்டுவது கதைக்குச் செய்யும் கொடுமை. முடித்த பின்னர் இரண்டாம் பாகத்தை மட்டும் மீண்டும் எடுத்து, சூளவம்சத்தில் ஐந்தாம் மகிந்தன் பற்றிய அத்தியாயத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அது சில பக்கங்களே. முடியுமாயின் சிங்கள நண்பர் ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள். அவரிடம் 'விஜயபா கொல்லய' பற்றியும் கேளுங்கள். செங்கை ஆழியான் முதலியோர் யாழ்ப்பாணத்து வரலாற்றை நாவலாக்கிய முயற்சிகளும் நூலகத்தில் உள்ளன. கலைத்திறனில் கல்கிக்கு நிகராகாவிடினும் அவற்றின் மண் எமக்கு அறிமுகமானது.

சூளவம்சத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வதும் போதாது. ஏனெனில் அந்நூலும் தன் கதைக்கு ஒவ்வாதவற்றை விட்டுவிடுகின்றது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழராட்சியில் அழிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயருடன் அது தழைத்தது. விளக்கெரிக்கவும் பிறவற்றுக்கும் தமிழர் அளித்த கொடைகளைக் கூறும் தமிழ்ச் சாசனங்கள் அங்கு உள்ளன. புத்தருக்கு விளக்கேற்றிய அத்தமிழரைச் சூளவம்சத்திலும் காணோம், கல்கியிடத்திலும் காணோம்.

அக்களப்பயணத்தின் இறுதி நாள் பொலன்னறுவையில் கழிந்தது. சோழர் காலத்துக் கற்றளியாகிய வானவன்மாதேவி ஈஸ்வரத்தைப் பார்த்தபின், வேளைக்காரர் சாசனம் நிற்கும் இடத்துக்கு வந்தோம். 1070இல் சோழரை வெளியேற்றிய விசயபாகு, புனித தந்தத்துக்கு அங்கே கோயில் எடுப்பித்தான். அவனது காலத்துக்குப் பின், அக்கோயிலைத் தம் உயிர்போலக் காப்பதாக உறுதிகூறி வேளைக்காரப் படையினர் நாட்டிய கல் அது. படையினர் தமிழர், கோயில் தந்ததாதுவினுடையது, மொழி தமிழ். என் சிங்கள நண்பன் அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டான். தெரிந்த எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிச் சில சொற்களை வாசித்து, விரிவுரையிற் கேட்டதை வைத்து மிகுதியை விளக்கினேன். அவன் கல்லின் விளிம்பை உற்றுநோக்கியபடி நீண்ட நேரம் நின்றான். பஸ் புறப்படும் நேரமாகிவிட்டதென்று விரிவுரையாளர் அழைத்தபோது, இவர்களைப் பற்றி உங்கள் மொழியில் ஒரு நாவல் இருந்தாற் சொல், யாரையாவது கொண்டு மொழிபெயர்ப்பித்து வாசிக்கின்றேன் என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை.